ஜப்பானிய ஆண்களின் ஓபி: கேள்வி பதில்

கிமோனோவின் மேல் இடுப்பில் சுற்றிக் கட்டும் கச்சைதான் ஓபி. ஆண்கள் கட்டும் ஓபி பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, தொப்புளுக்கு மேல் ஓபி கட்டினேன். சின்னப் பையன் மாதிரி தெரிகிறேன். ஏன்?

பதில்: கட்டிய இடம்தான் காரணம், தம்பி. பெண்களின் அகல ஓபி சுமார் 30 செ.மீ. இருக்கும், மார்புக்குக் கீழ் வரும். ஆண்களின் ‘காக்கு ஓபி’ சுமார் 10 செ.மீ.தான். அது இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். முன்னால் வயிற்றுக்குக் கீழே இறங்கி, பின்னால் சற்று ஏறியிருக்க வேண்டும். கிமோனோவுக்குப் பொத்தான் கிடையாது, அதைப் பிடித்து நிறுத்துவது ஓபிதான். எவ்வளவு நல்ல பட்டாக இருந்தாலும் ஓபி மேலே ஏறிவிட்டால் எடுபடாது.

கேள்வி: சார், எனக்குத் தொப்பை உண்டு. பொருந்துமா?

பதில்: நன்றாகவே பொருந்தும். ஒல்லியானவர்கள்தான் இடுப்பில் துண்டைச் சுற்றி, அதன்மேல் கட்டுகிறார்கள். தொப்பைக்குக் கீழே வேட்டி கட்டிப் பழகிய கைக்கு இது சுலபம்.

கேள்வி: அரை மணி நேரத்தில் தளர்ந்துவிடுகிறதே?

பதில்: வழுக்கும் பாலியெஸ்டராக இருக்கலாம். ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்து ஹகாத்தா நெசவு ஓபியைக் கட்டிப் பாருங்கள். மெல்லிய பாவு நூல்களை மிக நெருக்கமாக வைத்து, பல இழை சேர்த்த தடித்த ஊடையை ஓங்கி அடித்து நெய்வார்கள். அதனால் முடிச்சு இறுகினால் எளிதில் விடாது. இறுக்கும்போது பட்டு ‘கீச்’ என்று சத்தமிடும், எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அது! எடோ காலத்தில் (1603–1868) அந்தப் பகுதியை ஆண்ட குரோதா பிரபுக்கள், நாட்டின் ராணுவ ஆட்சியாளரான ஷோகுனுக்குக் காணிக்கையாக அனுப்பிய துணியும் இதுதான்.

கட்டும் முறையையும் கவனியுங்கள். ஒரு முனையில் ஒரு முழம்வரை அகலத்தைப் பாதியாக மடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இறுக்குங்கள். முடிச்சை முன்னால் போட்டுவிட்டு, வலப்பக்கமாகச் சுழற்றி முதுகுக்குக் கொண்டுபோங்கள். இடப்பக்கமாகச் சுழற்றினால் கிமோனோவின் மடிப்பு கலைந்துவிடும்.

கேள்வி: சாமுராய் வாளை எங்கே செருகினார்கள்?

பதில்: ஓபியின் சுற்றுகளுக்கு நடுவில், வாளின் வெட்டும் பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி. வாள் மட்டுமல்ல, மருந்து வைக்கும் ‘இன்ரோ’ பெட்டியும் புகையிலைப் பையும் ஓபியில்தான் தொங்கின. கயிறு நழுவாமல் பிடித்துக்கொள்ள, மேல்நுனியில் ‘நெட்சுகே’ என்ற சின்னக் குமிழ் இருக்கும். தந்தத்திலும் மரத்திலும் எலி, முயல் என்று அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருப்பார்கள். அருங்காட்சியகத்தில் கண்ணில் பட்டால் தயவுசெய்து நின்று பாருங்கள்.

கேள்வி: சுமோ வீரர்களும் இதே ஓபிதானா?

பதில்: வெளியே போகும்போது ஓபி கட்டுவார்கள். ஆனால் மேலிருந்து மூன்றாவதான ‘மக்குஷித்தா’ படிநிலைக்கு உயர்ந்த பிறகுதான் ஹகாத்தா ஓபி கட்ட அனுமதி.