சமஸ்கிருத ‘கம்’, ஆங்கில ‘கம்’: இரண்டும் ஒரே சொல்லா?

கேள்வி இது: “சமஸ்கிருதத்தில் ‘கம்’ என்றால் போ, ஆங்கிலத்தில் ‘கம்’ என்றால் வா. இரண்டும் தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியின் ஒரே வேரிலிருந்து வந்தவை என்கிறார்கள். யாரும் எழுதி வைக்காத மொழியின் சொல்லை எப்படி மீட்க முடியும்? காதுக்கு ஒன்றுபோல இருப்பதால் கட்டிய கதைதானே?”

ஒரே சொல்தான். (தொல் இந்தோ-ஐரோப்பியம் என்பது சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் போன்றவற்றுக்கெல்லாம் பொதுவான மூலமொழி.) ஆனால் காதுக்கு ஒன்றுபோல இருப்பது அதற்குச் சான்றே இல்லை. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. சமஸ்கிருதச் சொல்லில் இருப்பது ‘தங்கம்’ என்பதில் வரும் மென்மையான க. ஆங்கிலச் சொல்லில் இருப்பது ‘கல்’ என்பதில் வரும் வலிய க. இந்த வேறுபாடுதான் உறவைக் காட்டிக்கொடுக்கிறது. சமஸ்கிருதத்தில் மென்மையாக ஒலிப்பது ஆங்கிலம், ஜெர்மன் அடங்கிய ஜெர்மானிய மொழிகளில் வலிதாகும் என்பது 1822-இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் விளக்கிய ஒலிமாற்றத்தின் ஒரு பகுதி. த்வி, டூ, தச, டென் என்று நீங்களே சொல்லிப் பார்க்கலாம்.

அப்படியானால் ஆங்கில ‘கோ’ என்ன? பொருளும் ‘போ’, ஒலியும் மென்மையான க. சமஸ்கிருதக் ‘கம்’முக்கு இன்னும் நெருக்கம்போலத் தோன்றும். ஆனால் உறவே கிடையாது. மேலே சொன்ன விதிப்படி சமஸ்கிருதக் ‘கம்’மில் உள்ள மெல்லொலி ஆங்கிலத்திலும் மெல்லொலியாகவே இருக்க முடியாது. ‘கோ’வின் சமஸ்கிருத உறவு ‘ஜஹாதி’, விட்டு நீங்குகிறான் என்று பொருள். சொற்களை ஒலி ஒற்றுமையை வைத்து இணைப்பவர்கள் வழுக்கி விழுகிற இடம் இது. அதனால்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டு எழுதிப் பார்த்தபோதுதான். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம். முதல் வரியில் உயிர் தொடர்பான சொற்கள்: ஜீவ, பியோஸ், வீவுஸ், குவிக். (‘குவிக்’ இன்று வேகத்தைக் குறிக்கிறது, பழைய ஆங்கிலத்தில் உயிருள்ளது என்று பொருள்.) அடுத்த வரியில் நம் வினைச்சொல்: கம், பைனோ, வெனியோ, கம். கிரேக்கப் ‘பைனோ’ அடியெடுத்து வைக்கிறேன். லத்தீன் ‘வெனியோ’ வருகிறேன். இரண்டு வரியையும் மேலும் கீழுமாகப் பாருங்கள். கிரேக்கத்தில் ப என்றால் லத்தீனில் வ. சமஸ்கிருதத்தில் க, இகரம் எகரம் முன்னால் ஜ. ஆங்கிலக் ‘கம்’மில் வகரம் தேய்ந்துவிட்டது. ஆனால் 4ஆம் நூற்றாண்டில் வுல்பிலா பைபிளை மொழிபெயர்த்த கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் அது ‘க்விமன்’ என்று முழுசாக இருக்கிறது.

ஆக, தொடக்கத்தில் இருந்தது உதட்டைக் குவித்துச் சொன்ன ஒரு மெல்லிய க. லத்தீன் குவித்த உதட்டை மட்டும் வைத்துக்கொண்டது, வ. கிரேக்கம் ஒலியையே உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டது, ப. சமஸ்கிருதம் உதட்டை விட்டுவிட்டுக் ககரத்தை வைத்துக்கொண்டது.

சரி, மகரம் எங்கே? பைனோ, வெனியோ இரண்டிலும் இருப்பது னகரம். இதில் நான் பல நாள் சிக்கி நின்றேன். பிறகு லத்தீன் ‘குவோனியம்’ கண்ணில் பட்டது. ‘ஆதலால்’ என்று பொருள். ‘குவோம்’, ‘யம்’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. யகரத்துக்கு முன் ம் ன் ஆகிவிட்டது. நிலம் + தான் நிலந்தான் ஆவதைத் தினமும் சொல்கிற நமக்கு இது புதிதே இல்லை. வெனியோவிலும் பைனோவிலும் வேருக்குப் பின்னால் ஒரு யகரம் இருந்தது. சமஸ்கிருதத்திலும் ஆங்கிலத்திலும் மகரம் அப்படியே நின்றது. எனவே வேர் *க்வெம். நட்சத்திரக் குறிக்கு ‘எழுத்தில் கிடைக்கவில்லை, கணக்கிட்டு வந்தது’ என்று பொருள். சரியாக அப்படித்தான் உச்சரித்தார்கள் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை; எல்லாக் கிளைகளையும் ஒரே சமயத்தில் விளக்குகிற வடிவம் அது.

எனக்கு மிகப் பிடித்த சான்று ஆர்மீனியத்தில் இருக்கிறது. ஈரானிய மொழிகளில் ஒன்று என்று கருதப்பட்ட ஆர்மீனியம் தனிக் கிளை என்று 1875-இல் ஹைன்ரிஷ் ஹியூப்ஷ்மன் நிறுவினார். அதன் பழைய வழக்கில் ‘வந்தான்’ என்பதற்கு ‘எக்ன்’. ரிக்வேதத்தில் இதே வினையின் இறந்தகால வடிவம் ‘அகன்’. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னால் இறந்தகாலம் காட்டும் ஓர் உயிர்: அங்கே எ, இங்கே அ. நடுவில் அங்கே வலிய க, இங்கே மெல்லிய க. ஆர்மீனியத்திலும் ஜெர்மானியம்போல மெல்லொலி வலிதாகும். கடைசியில் நின்ற தகரம் இரண்டிலும் உதிர, மகரம் இரண்டிலும் னகரமானது. வேர் மட்டுமில்லை, விகுதியோடு சேர்ந்த முழு வினைமுற்றே மீண்டு வருகிறது: *எ-க்வெம்-த். இதை முதன்முதலாகப் பிரித்து எழுதிய அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பொருள்தான் ஒலி அளவுக்குப் பிடிகொடுப்பதில்லை. லத்தீனிலும் ஜெர்மானியத்திலும் ‘வா’, சமஸ்கிருதத்தில் ‘போ’. முன்னால் ‘ஆ’ சேர்த்தால்தான் ஆகமனம், வருகை. லிதுவேனிய ‘கிம்தி’க்குப் பிறப்பது என்று பொருள், உலகுக்கு வருவது. பழைய வினை ஓர் இடத்தை நோக்கி அடிவைப்பதைச் சொல்லியிருக்க வேண்டும். நின்று பார்ப்பவர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை ஒவ்வொரு மொழியும் பின்னால் முடிவு செய்துகொண்டது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, பின்னூட்டத்தில் கட்டாயம் கேட்பீர்கள். நம் வா, போ இரண்டும் திராவிடச் சொற்கள், இந்தக் குடும்பத்தில் சேராதவை. ஆனால் இந்த வேரின் பிள்ளைகள் சமஸ்கிருதம் வழியாகக் கடன் சொற்களாக நம்மிடம் நிறைய இருக்கின்றன: சங்கமம், ஆகமம், பாட்டில் வரும் கமகம், விரைந்து செல்வதான துரகம், அதாவது குதிரை. அப்புறம், கதி. இதே வேரும் விகுதியும் சேர்ந்த சொல் கிரேக்கத்தில் ‘பாசிஸ்’, அடிவைப்பு; ஆங்கிலத்தில் ‘பேஸிஸ்’ என்கிறோமே, அது. ஜெர்மனில் அது ‘குன்ஃப்ட்’, வருகை. முன்னால் ‘ட்சூ’ சேர்த்து ‘ட்சூகுன்ஃப்ட்’ என்றால் எதிர்காலம். “இனி அவன் கதி என்ன?” என்று நாம் கேட்கும்போது வாயில் வருவதும் அதே சொல்தான்.