பார்க்கின்சன் உள்ள அப்பாவுக்கு வீட்டில் இல்லாத ஆட்கள் தெரிகிறார்கள். மாத்திரைதான் காரணமா?

மாத்திரைக்கும் பங்கு உண்டு. அதற்காக பார்க்கின்சனுக்கான முக்கிய மாத்திரையான லெவோடோபாவை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு இறுகி, கடும் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

என் அம்மாவுக்கும் இது இருந்தது. சாயங்காலமானால் கூடத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார். பேசமாட்டார்களாம், சும்மா பார்ப்பார்களாம். சொந்தக்காரர்களில் சிலர் மந்திரிக்கச் சொன்னார்கள், சிலர் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். இரண்டையும் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் மூளையில் என்ன நடக்கிறது என்று தேடிப் படித்தேன்.

கண் அனுப்புவதை மட்டும் வைத்து நாம் பார்ப்பதில்லை. விட்டுப்போன இடங்களை, பழகிய உருவங்களைக் கொண்டு மூளை ஊகித்து நிரப்புகிறது. இருட்டில் கொடியில் தொங்கும் வேட்டி ஆள் மாதிரி தெரிந்து, மறுநொடியே தெளிகிறதே, அங்கே ஊகத்தைத் திருத்துவது கவனம். பார்க்கின்சனில் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. இந்த நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற ரசாயனம் விழித்திரையிலும் வேலை செய்கிறது; அது குறையும்போது நிறமும் வெளிச்ச வேறுபாடும் மங்குகின்றன. மூளையின் பின்பக்கத்தில் இருக்கும் பார்வைக்கான பகுதிகளும் சோர்கின்றன. இன்னொரு பக்கம், கவனத்துக்கும் விழிப்புக்கும் தேவையான அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தரும் செல்கள் அழிகின்றன. அப்புறம் ஊகத்தைத் திருத்த எதுவும் இல்லை, அதுவே காட்சியாகிவிடுகிறது.

பெரும்பாலும் மனிதர்கள், குழந்தைகள், நாய் பூனை என்று முழு உருவமாகவே தெரிவது ஏன்? கன்னப்பொட்டுக்கு உட்புறம் இருக்கும் டெம்போரல் பகுதிதான் முகங்களையும் உருவங்களையும் இனம் காண்கிறது. இந்த நோயில் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் நரம்பு செல்களுக்குள் திரண்டு 'லூயி பாடி' ஆகப் படிகிறது. இறந்த நோயாளிகளின் மூளையைச் சோதித்து 2002-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், இப்படி உருவங்கள் தெரிந்தவர்களுக்கு டெம்போரல் பகுதியில், குறிப்பாக அதன் உள்ளே இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதியிலும் அதைச் சுற்றியும், இந்தப் படிவுகள் அதிகமாக இருந்தன. உங்கள் அப்பா கதை கட்டவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிகிறது.

மருந்து விஷயத்தில் அசிட்டைல்கோலின் பற்றிய விவரம் மிகவும் உதவும். நடுக்கத்துக்காக டிரைஹெக்சிபெனிடில் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். அது அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து. வயதானவர்களுக்கு இந்தத் தொல்லையைக் கூட்டும். ரிவாஸ்டிக்மின் நேர்மாறாக அசிட்டைல்கோலினைக் காப்பாற்றுகிறது. மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் கூடவே கூடாது. அது டோபமைனை அடைத்துக் கை கால்களை முடக்கிவிடும். தேவைப்பட்டால் குவெட்டியாபின் அல்லது குளோசபின் குறைந்த அளவில் தருவார்கள். குளோசபினுக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம். டோபமைனைத் தொடாமல் செரோட்டோனின் என்ற வேறொரு மூளை ரசாயனத்தின் வழியாக வேலை செய்யும் பிமாவன்செரினுக்கு அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்தது.

நேற்றுவரை இல்லாமல் இன்று திடீரென்று அதிகமானால் முதலில் சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுதல் இரண்டையும் பாருங்கள். பொழுது சாயும் முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். கண்புரை இருந்தால் கவனியுங்கள். "அங்கே யாரும் இல்லை" என்று அவரோடு சண்டை போட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள். பயமில்லை என்றால் பல சமயம் மருந்தே தேவைப்படாது.

நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, மற்ற டாக்டர்கள் எழுதித் தந்த தூக்க மாத்திரை, சளி மாத்திரை உட்பட எல்லா அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.