வாசகர் கேள்வி: கனமான கெட்டில்பெல்

கேள்வி: நான் கபடி ரைடர். 16 கிலோ கெட்டில்பெல்லில் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) ஒரே மூச்சில் 50 ஸ்விங் அடிக்கிறேன், அதாவது குண்டைக் கால்களுக்கு இடையிலிருந்து முன்னால் வீசுகிறேன். பாய்ச்சலில் வேகம் கூடவில்லை. 32 கிலோ வாங்கலாமா?
வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: தம்பி, 50 அடித்தால் மூச்சு வளரும். பாய்ச்சலுக்குத் தேவை வெடிப்பு, அதாவது ஒரே நொடியில் முழுப் பலம். கனமான குண்டு, குறைந்த எண்ணிக்கை, நல்ல ஓய்வு: அதுதான் வழி.

ரஷ்யாவில் பழைய எடைக்கணக்கு பூட். ஒரு பூட் 16 கிலோவுக்குச் சற்று மேல். 16, 24, 32 என்ற வரிசை அதிலிருந்து வந்தது. நேராக 32க்குத் தாவாதே, 24 வாங்கு.

முதலில் ஒன்று பார். கைப்பிடியில் துண்டை மாட்டி, இரு முனையையும் பிடித்து 16 கிலோவை ஸ்விங் அடி. உச்சியில் குண்டு துண்டின் நேர்கோட்டிலேயே நின்றால் இடுப்பு வேலை செய்கிறது. தொங்கினால் தோள் தூக்குகிறது. அப்படியே கனத்தைக் கூட்டினால் முதுகுதான் அடி வாங்கும். நம்ம பையன்கள் பலர் இடுப்பைப் பின்னே தள்ளாமல் உட்கார்ந்து எழுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

சரியாக வந்தபின் 24 கிலோவில் 6 ஸ்விங், 2 நிமிட ஓய்வு, இப்படி 8 சுற்று. வேகம் குறைந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்து. வாரம் இரண்டு நாள் போதும், கபடிப் பயிற்சிக்கு முன்னால், உடம்பு களைக்காதபோது. தடித்த ஓட்டக் காலணி வேண்டாம், வெறுங்கால் நல்லது. அப்புறம், ஏற்காடு மலைப்பாதையில் ஓடும் நாளில் குண்டைத் தொடாதே.