‘படித்து என்ன ஆகப்போகிறது’ என்று பள்ளிக்கு மட்டம் போடும் மகனை என்ன செய்வது?

பத்தாவது படிக்கும் மகன் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போவதில்லை, கேட்டால் ‘படித்து என்ன ஆகப்போகிறது’ என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பி, இருட்டிய பிறகுதான் பையன் முகத்தைப் பார்ப்பவர் என்று நினைக்கிறேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் மகனும் இதே வார்த்தையைத்தான் சொன்னான்.

2021-ல் அவன் பத்தாவது. கொரோனாவால் தேர்வு ரத்து, எல்லோரும் பாஸ். சான்றிதழில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி என்று மட்டும் இருந்தது. சொந்தக்காரர்கள் ‘கொரோனா பாஸ்’ என்று அவன் முன்னாலேயே சிரித்தார்கள். அந்த லீவில் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க, அதாவது டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் உதவி வேலைக்குப் போனான். சனிக்கிழமை சம்பளத்தை அப்படியே என்னிடம் கொடுத்தான், வாங்கி வாடகை கட்டினேன். அம்மாதான் கெடுத்தாள் என்று எழுத வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்போது எனக்கு வாரத்தில் மூன்று ஷிஃப்ட் கிடைப்பதே பெரிய பாடு.

செப்டம்பரில் பள்ளி திறந்ததும் ப்ளஸ் ஒன் வணிகவியல் பிரிவில் சேர்ந்தான். முதலில் திங்கள் மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போன அசதி என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, திங்கள் முதல் பீரியட் கணக்குப்பதிவியல். பத்தாவது முழுக்க வகுப்பறையையே சரியாகப் பார்க்காத பையன், புரியவில்லை என்று எழுந்து சொல்ல வெட்கப்பட்டிருக்கிறான். அதே பையன் கம்பெனியில் ஆறே மாதத்தில் பவர் டேபிளில், அதாவது தையல் மெஷினில் டைலராக உட்கார்ந்துவிட்டான். அங்கே எல்லோரும் அவனைக் கெட்டிக்காரன் என்றார்கள். என்னவாகப் போகிறாய் என்று கேட்டால், அடுத்த சனிக்கிழமைக்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை.

2023 மார்ச் 13, ப்ளஸ் டூ தமிழ்த் தேர்வு. யூனிஃபார்ம் போட்டு, சோறு கட்டிக்கொண்டு கிளம்பினான். பத்தேகாலுக்கு வகுப்பாசிரியை போன் செய்து, பையன் வரவில்லை என்றார். அன்று மாநிலம் முழுக்க 50,000 பேருக்கு மேல் வரவில்லை. ‘தமிழ்த் தேர்வுக்கே பயமா’ என்று ஊரெல்லாம் கேலி பேசினார்கள். என் மகனுக்குத் தமிழ் நன்றாகவே வரும்.

    

சரி, உங்கள் மகனுக்கு வருகிறேன். எந்தக் கிழமை, எந்தப் பாடம் இருக்கும் நாளில் போகவில்லை என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். அந்தப் பாட ஆசிரியரை நேரில் பார்த்துப் பேசுங்கள். பத்தாவது தேர்ச்சி இருந்தால் ஐடிஐ, பாலிடெக்னிக் சேரலாம் என்பதையும் இப்போதே அவனிடம் சொல்லுங்கள். எனக்கு அது தெரியாமல் போனது. மெஷின் என்றால் உயிரை விடுகிறவனை ப்ளஸ் டூ, ப்ளஸ் டூ என்றே விரட்டினேன்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தபோது அவனிடம் காட்டினேன். “அதை ரெண்டு நாள்ல எடுத்துருவேனேம்மா” என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது 20 வயது ஆகிறது. நல்ல டைலர், எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. இந்த முறை ஐடிஐ விண்ணப்பம் வரும்போது இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கப் போகிறேன்.