ஸ்கேன் எடுத்தால் மனதில் இருப்பது தெரிந்துவிடுமா?

கேள்வி: மூளை ஆராய்ச்சி ஒன்றுக்கு எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுத்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். எனக்கும் போக ஆசை. ஆனால் உள்ளே படுத்திருக்கும்போது நான் நினைப்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடுமா? சில வருடங்களுக்கு முன் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டேன். அது படத்தில் தெரிந்து, நாளைக்கு வேலைக்கு இடைஞ்சல் வருமா?

பதில்: நீங்கள் நினைப்பது தெரியாது. எஃப்.எம்.ஆர்.ஐ என்பது மூளையின் செயல்பாட்டைப் பதிவு செய்யும் எம்.ஆர்.ஐ ஸ்கேன். அந்தக் கருவி பார்ப்பது எண்ணத்தை அல்ல, ரத்தத்தை. மூளையில் ஓர் இடம் மும்முரமாக வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும், அந்த மாற்றத்தைத்தான் பதிவு செய்கிறார்கள், அதுவும் சில நொடிகள் தாமதமாக. படத்தில் ஒரு புள்ளி என்பதே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம், அதற்குள் லட்சக்கணக்கில் நரம்பு செல்கள் இருக்கும். சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் மூளைப் படங்களைப் பார்த்திருப்பீர்களே, அவை புகைப்படமே இல்லை, புள்ளியியல் கணக்குப் போட்டு நிறம் பூசியவை. கணக்கில் கவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட 2009-ல் ஒரு குழு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, அதன் மூளையிலும் 'செயல்பாடு' வரவழைத்தது. 2012-ல் அதற்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள்!

சரி, மனதைப் படிக்கிறார்கள் என்று செய்தி வருகிறதே என்பீர்கள். 2023-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒருவர் கேட்கும் கதையின் சாரத்தை ஸ்கேனிலிருந்து ஓரளவு எழுத்தாக எடுத்தது உண்மைதான். அதற்கு ஒவ்வொருவரும் கருவிக்குள் 16 மணி நேரம் கதை கேட்டு, அந்தப் பதிவை வைத்துக் கணினி நிரலைப் பழக்க வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பழக்கியது இன்னொருவருக்கு உதவவில்லை, அவரே மனதுக்குள் வேறு எதையாவது நினைத்துக்கொண்டாலும் குழம்பிப்போனது. அதனால் இன்றைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. பத்து வருடம் கழித்தும் இப்படியே இருக்கும் என்று நான் எழுதித் தர மாட்டேன்.

மனச்சோர்வு விஷயத்துக்கு வருவோம். ஒரு தனி ஆளின் படத்தைப் பார்த்து இவருக்கு முன்பு மனச்சோர்வு இருந்தது என்று எந்த ரேடியாலஜிஸ்டும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்கேனுக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள் தருவார்கள் பாருங்கள், என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், மனநல சிகிச்சை எடுத்தீர்களா என்று, அதில் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுப்பீர்கள். அந்தத் தாள் யாரிடம் போகிறது, பெயரோடு போகிறதா என்று கேளுங்கள்.

பெயரை எடுத்துவிட்டாலும் வேலை முடியவில்லை. மூளை எம்.ஆர்.ஐ படத்தில் முகத்தின் வெளி உருவமும் சேர்ந்து பதிவாகும். 2019-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் என்ற மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 84 தன்னார்வலர்களின் ஸ்கேனிலிருந்து முகத்தை உருவாக்கி, முகமறியும் மென்பொருளில் அவர்களுடைய புகைப்படங்களோடு ஒப்பிட்டார்கள். 70 பேரைச் சரியாகப் பொருத்திவிட்டது. அதனால் மற்ற ஆய்வாளர்களுக்குத் தரும் முன் முகப்பகுதியை நீக்குவார்களா என்பதையும் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம், நல்ல குழுவிடம் பதில் தயாராக இருக்கும்.

இன்னொன்று, இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. ஆராய்ச்சிக்காக எடுத்த படத்தில் தற்செயலாக ஒரு கட்டியோ ரத்தக்குழாய் வீக்கமோ கண்ணில் படலாம். பெரும்பாலும் உடனே ஆபத்தில்லாத சங்கதிதான், ஆனால் தெரிந்தபிறகு தூக்கம் போய்விடும். இன்சூரன்ஸ் படிவத்தில் நோய் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று டிக் அடிக்கவும் நேரலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, யார் சொல்வார்கள் என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து போடும் முன்பே முடிவு செய்யுங்கள்.

வேலை பற்றி: மூளை ஸ்கேனை வைத்து ஒருவர் நேர்மையானவரா, திறமைசாலியா என்று சொல்கிற முறை எதுவும் இல்லை. பொய்யைக் கண்டுபிடிக்கும் என்று கொண்டுவந்த எஃப்.எம்.ஆர்.ஐ சாட்சியத்தை 2010-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஏற்க மறுத்தது. சிலி நாடு 2021-ல் மூளைச் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து கிடைக்கும் தகவலுக்கும் அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு கொடுத்தது. எங்கேயாவது ஒரு நிறுவனம் வேலைக்கு எடுக்க உங்கள் ஸ்கேனைக் கேட்டால், தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

இந்த ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் போங்கள், இதில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. உடம்பில் பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே மூச்சு முட்டுவது போல இருந்தால் கையில் கொடுத்திருக்கும் பந்தை அழுத்துங்கள், உடனே வெளியே எடுப்பார்கள். பாதியில் விலக நினைத்தால், ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டாலும் நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை.