பறவைக் காய்ச்சலில் கோழி சாகிறது, வாத்து ஏன் பெரும்பாலும் தப்பிக்கிறது?

ஒரு முக்கியக் காரணம், 'ரிக்-ஐ' என்ற மரபணு. செல்லுக்குள் ஃப்ளூ வைரஸின் ஆர்என்ஏ (அதன் மரபுப் பொருள்) நுழைந்ததுமே கண்டுபிடித்து எச்சரிக்கும் புரதத்தை உருவாக்குவது இதுதான். மனிதன், எலி போன்ற பாலூட்டிகளிடம் இருக்கிறது, வாத்திடமும் இருக்கிறது. ஆனால் கோழியின் பரம்பரையில் எப்போதோ தொலைந்துபோனது.

வாசலில் அந்நியர் கால் வைத்ததுமே நாய் குரைக்கும் வீடு வாத்து. பீரோ உடையும் சத்தத்தில் விழிக்கும் வீடு கோழி.

2010இல் வெளியான ஆய்வில் வாத்தின் ரிக்-ஐ மரபணுவைக் கோழி செல்களில் சேர்த்துப் பார்த்தார்கள். வைரஸ் பெருகுவது குறைந்தது! ஒரே ஒரு மரபணு இவ்வளவு செய்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

அப்புறம், கோழிக்கு எதிர்ப்பு சக்தியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, 'எம்டிஏ5' என்ற இன்னொரு மரபணு ரிக்-ஐ செய்யும் வேலையில் ஒரு பகுதியைச் செய்கிறது.