பயனீட்டாளர் கேள்வி-பதில்: முன்பக்கம் அன்னாசி, பின்பக்கம் சீனி

வெயில் கொளுத்தும் மாதம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அன்னாசியும் தேங்காயும் ரம்மும் கலக்கும் பினா கொலாடா பற்றித்தான். இந்த வாரம் பானத்துக்கே ஒதுக்கியாகிவிட்டது. வாஷிங் மெஷின் வாசகர்கள் பொறுத்தருள்க.

கேள்வி: பிள்ளைகளுக்காக ரம் இல்லாத பினா கொலாடா செய்தேன். குறிப்பில் இருந்தபடியே தேங்காய் கிரீம் பெட்டி வாங்கினேன். இனிப்பே இல்லை, மேலே வெள்ளை வெள்ளையாகத் துகள் மிதந்தது. பெட்டி கெட்டுப்போனதா? கடையில் மாற்றித் தருவார்களா?
– இல்லத்தரசி, செந்தூல்

பதில்: பெட்டி கெடவில்லை அம்மா. நீங்கள் வாங்கியது வேறு பொருள், அதனால் கடைக்காரரிடம் போய்ப் பயனில்லை. இந்தப் பானம் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் 1950-களில் பிரபலமானது. 1978-ல் அந்தத் தீவின் அதிகாரப்பூர்வ பானமாகவும் ஆனது. அங்கே ஊற்றுவது 'கிரீம் ஆஃப் கோக்கனட்'. சீனி நிறையச் சேர்த்து, பிரியாமல் இருக்கப் பசைப்பொருளும் கலந்து டின்னில் வரும் கெட்டிப்பாகு அது. இங்கே மலேசியாவில் நம் கடைகளில் 'கோக்கனட் கிரீம்' என்று கிடைப்பது கறிக்கு ஊற்றும் கெட்டிச் சந்தான், அதாவது தேங்காய்ப்பால். அதில் சீனி கிடையாது. இரண்டு சொல் இடம் மாறியதில் ஆயிரம் பேர் ஏமாறுகிறார்கள். துகள் வந்த காரணமும் இதுதான்: தேங்காய்க் கொழுப்பு ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஐஸோடு நேரே அரைத்தால் மணிமணியாகத் திரளும்.

டின் தேடி அலைய வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம். 200 மில்லி சந்தான் பெட்டி ஒன்று, சீனி 150 கிராம், உப்பு கால் தேக்கரண்டி. சிறு தீயில் சீனி கரையும்வரை கிளறுங்கள். கொதிக்க விட்டால் எண்ணெய் பிரியும். ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றி ஐஸ்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் நிற்கும். கெட்டியாகிவிட்டால் பாட்டிலைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். இந்த அளவில் ஐந்து குவளைக்குக் காணும்.

ஒரு குவளைக்கு: உறையவைத்த அன்னாசித் துண்டு 120 கிராம், சீனி சேர்க்காத அன்னாசிச் சாறு 90 மில்லி, மேலே சொன்ன பாகு 50 மில்லி, லீமாவ் காஸ்தூரி (சின்ன எலுமிச்சை) மூன்று நான்கு பிழிந்தது, ஐஸ் நான்கு கட்டி. பிளெண்டரில் முதலில் சாறும் பாகும், அப்புறம் பழம், கடைசியில் ஐஸ். வரிசை மாறினால் கத்தி வெறும் ஐஸில் சுற்றும், அடியில் எதுவும் நகராது. நாற்பது விநாடி போதும். தண்ணியாக இருந்தால் ஐஸைக் கூட்டாதீர்கள், உறைந்த பழத்தைக் கூட்டுங்கள். ஒரு குவளையில் பாகிலிருந்து மட்டும் 25 கிராமுக்கு மேல் சீனி இறங்குகிறது. தாகத்துக்குக் குடிக்கும் பானம் இல்லை இது.

கேள்வி: பாகுக்குப் பதில் ரோஸ் சீராப்பும் பாலும் ஊற்றலாமா?
– வாசகர், ஆயிர் ஈத்தாம்

பதில்: ஊற்றலாம். அதற்குப் பெயர் பாண்டோங்.

கேள்வி: பேரங்காடியில் சலுகை விலை. அன்னாசி ஜூஸ் பன்னிரண்டு பெட்டி வாங்கிவிட்டேன். எதில் கலந்தாலும் மிட்டாய் வாசம் அடிக்கிறது. நிறுவனத்தின் மேல் புகார் கொடுக்கலாமா?
– வாசகர், செராஸ்

பதில்: பெட்டியைத் திருப்பிப் பார்த்தீர்களா? நீங்கள் அனுப்பிய படத்தில் 'மினுமான் பெரிசா நானாஸ்' என்று தெளிவாக இருக்கிறது. மலாயில் மினுமான் என்றால் பானம், நானாஸ் என்றால் அன்னாசி, பெரிசா என்றால் வாசனையூட்டி. அதை ஜூஸ் என்று சொன்னது நீங்கள்தான், அவர்கள் இல்லை. புகார் நிற்காது.

ஆனால் என் ஆத்திரமும் இதில்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் பாதியாய் வெட்டிய பழம், பனித்துளி, பச்சை ஓலை. பின்பக்கம் எறும்பு எழுத்து. உட்பொருள் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு வரிசைப்படுத்தித்தான் அச்சிட வேண்டும், அது விதி. தண்ணீர், சீனி, சிட்ரிக் அமிலம், வாசனை, சாயம் என்று போனால் அங்கே பழம் ஏது? 'ஜூஸ்' என்று இருந்தால் சாறு. 'மினுமான்' என்று பழத்தின் பெயரோடு மட்டும் இருந்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு சாறு இருந்தாலே அந்தப் பெயர் செல்லும். 'பெரிசா' சேர்ந்துவிட்டால் அந்த ஐந்தும் வேண்டியதில்லை. 'கோர்டியல்' என்றால் தண்ணீர் கலக்க வேண்டிய பாகு, அதை அப்படியே பிளெண்டரில் கவிழ்த்துவிட்டு எனக்கு எழுதுவோரும் உண்டு. சட்டம் வகை பிரித்து வைத்திருக்கிறது, படம் அந்த வகையை மூடுகிறது. படத்துக்கும் ஒரு அளவு வைத்தால் என்ன? பெட்டிக்குள் ஐந்து பங்கு என்றால் அட்டையிலும் ஐந்து பங்குதான் பழம் வரையலாம் என்று!

பன்னிரண்டு பெட்டியையும் ஐஸ் குச்சி அச்சில் ஊற்றி உறையவையுங்கள். பிள்ளைகள் தீர்த்துவிடுவார்கள்.

கேள்வி: அன்னாசியின் நடுத்தண்டை உருவியெடுக்கும் சுழல்கத்தி 25 வெள்ளிக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: வேண்டாம். என் மேல் அலமாரியில் ஒன்று தூங்குகிறது. மோரிஸ் ரக அன்னாசிக்கு அது பெரிது, எம்டி2 ரகத்துக்குச் சிறிது.

கேள்வி: அன்னாசியோடு வெண்ணிலா ஐஸ்கிரீம் போட்டு அரைத்தேன். உடனே குடித்தவருக்கு அருமை, அரை மணி கழித்துக் குடித்தவருக்குக் கசப்பு. ஐஸ்கிரீம் பழசா?
– கல்லூரி மாணவர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஐஸ்கிரீம் மேல் பழி போடாதீர்கள் தம்பி. வேகவைக்காத அன்னாசியில் புரோமலைன் என்றொரு நொதி உண்டு. பாலின் புரதத்தை அது வெட்டிவிடும், வெட்டுப்பட்ட துண்டுகள்தான் கசக்கின்றன. உறையவைத்தாலும் அது சாகாது, சூட்டில்தான் சாகும். டின் அன்னாசியில் இந்தத் தொல்லை இல்லை, ஏற்கெனவே சூடு பட்டது. புதுப்பழமே வேண்டுமானால் துண்டுகளை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள், அல்லது பாலை விட்டுச் சந்தானுக்கு மாறுங்கள். அதில் புரதம் குறைவு.

பழம் வாங்கும்போது அடிப்பக்கம் முகர்ந்து பாருங்கள். செடியிலிருந்து அறுத்தபின் அன்னாசிக்கு இனிப்பு ஏறாது, மஞ்சள்தான் ஏறும். மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி 1996-ல் வெளியிட்ட ஜோசப்பின் ரகம் பினா கொலாடாவுக்கு நல்ல பொருத்தம். எம்டி2 என்றால் லீமாவ் காஸ்தூரியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கேள்வி: இணையத்தில் 79 வெள்ளிக்கு பிளெண்டர் வாங்கினேன். 'ஐஸ் உடைக்கும்' என்று விளம்பரம். மூன்றாம் வாரம் புகை வந்து நின்றுவிட்டது. விற்றவர், 'ஐஸ் போட்டது உங்கள் தப்பு, பொருள் திரும்பப் பெறப்படாது' என்கிறார். அம்மாவின் பிறந்தநாளுக்கு வாங்கியது.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தப்பு உங்களுடையது இல்லை. 'ஐஸ் உடைக்கும்' என்று சொல்லி விற்றால் உடைக்கத்தான் வேண்டும். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். 'திரும்பப் பெறப்படாது' என்ற வாசகம் பழுதான பொருளுக்குக் கவசம் ஆகாது.

இன்றே செய்யுங்கள்: விளம்பரப் பக்கம் மறைவதற்குள் படம் பிடியுங்கள். ரசீது, உரையாடல், கருகிய அடிப்பாகம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். எழுத்தில் பணத்தைக் கேட்டு நாள் குறிப்பிடுங்கள். தரவில்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விற்றவரின் பதிவுபெற்ற பெயரும் முகவரியும் மட்டும் கட்டாயம் தேவை. பொருளை ஓட்டிப் பார்க்காமல் 'பெற்றுக்கொண்டேன்' பொத்தானை அழுத்தவே கூடாது, அழுத்தினால் பணம் கைமாறிவிடும்.

அடுத்ததை வாங்கும்போது சிரிம் தரச்சான்று முத்திரையும் மூன்று முள் பிளக்கும் பாருங்கள். இரண்டு முள்ளோடு வந்தால் அது இந்த நாட்டுக்குச் செய்ததே இல்லை. வந்த அன்றே ஆறு ஐஸ் கட்டி, 100 மில்லி தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு ஓட்டுங்கள். கருகல் வாசம் வந்தாலோ அடியில் கசிந்தாலோ அன்றே திருப்பிவிடுங்கள்.

கேள்வி: பாலிக் பூலாவ் ஜாதிக்காய்ப் பானத்தை வீட்டில் செய்ய முடியுமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: முடியும். கொட்டையை எடுத்துவிட்டு, சதையை மட்டும் 250 கிராம் மெல்லிசாக நறுக்குங்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் அதிகம் கறுக்காது. ஒரு லிட்டர் தண்ணீர், 150 கிராம் கற்கண்டு சேர்த்து அரை மணி சிறு தீயில் வைத்து வடிகட்டுங்கள். குவளைக்கு ஓர் அசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம் பழம்). மணம் போதவில்லை என்று கொட்டைப்பொடியை அள்ளிப் போடாதீர்கள், அளவு மீறினால் நஞ்சு.

கேள்வி: தீபாவளித் திறந்த இல்லத்துக்கு நாற்பது பேர். முதல்நாளே பினா கொலாடா கலந்து வைக்கலாமா?
– வாசகி, கெப்போங்

பதில்: பாகை மட்டும் வையுங்கள்: ஏழு சந்தான் பெட்டி, சீனி ஒரு கிலோ. சாறு 3.6 லிட்டர். பழம் தோலோடு 10 கிலோ வாங்கினால்தான் சுமார் 5 கிலோ சதை தேறும். ஐஸ் இல்லாமல் காலையில் அரைத்து ஐஸ்பெட்டியில் வையுங்கள். ஐஸைக் குவளையில் போடுங்கள், அண்டாவில் கொட்டினால் பத்தாவது ஆளுக்குச் சந்தான் தண்ணீர்தான். வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிடுங்கள்.